நாய்க்கு மீன்: எதை வாங்குவது, எப்படி வேகவைப்பது, எவ்வளவு வைப்பது

வீட்டு நாய்க்கு மீன் கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். மீனால் வந்த சிக்கல் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை மீனால் வந்தவையே அல்ல. தொண்டையில் மாட்டிய முள், சாப்பாட்டில் ஊற்றிய மீன் குழம்பு, ஆசைப்பட்டு ஒரே நாளில் வைத்த அரைக் கிலோ, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றையும் தவிர்க்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை, ஒரு பிரஷர் குக்கரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தமிழ்நாட்டு வீடுகளில் நாய்க்குச் சோறும் கோழியும்தான் வழக்கமான சாப்பாடு. அதில் புரதம் கிடைத்துவிடும், இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் அநேகமாகக் கிடைக்காது. தோல் வறட்சி, மயிர் மங்கல், வயதான நாயின் மூட்டு இறுக்கம் போன்றவற்றுக்கு உதவுபவை இந்தக் கொழுப்புகளே. மீனை நாய் உணவில் சேர்ப்பதற்கான முதல் காரணம் இதுதான். அதனால் எந்த மீனை எடுக்கிறோம் என்பது முக்கியம்.

எந்த மீன்

மத்தி. குமரியில் சாளை என்பார்கள், அதிலும் கொழுப்பு ஏறிய நெய்ச்சாளை. நாய்க்கு இதைவிடப் பொருத்தமான மீன் நம் சந்தையில் இல்லை. விலை குறைவு, கொழுப்பில் ஒமேகா-3 நிறைய, சின்ன மீன் என்பதால் பாதரசம் மிகக் குறைவு, முள்ளும் குக்கரில் கரையும். அடுத்தது அயிலை, அதாவது சென்னையில் கானாங்கெளுத்தி. இதற்கும் அதே குணங்கள்தான். ஆனால் நடுமுள் தடிமன், வேக அதிக நேரம் பிடிக்கும். மூன்றாவது நெத்திலி. சின்ன நாய்களுக்கு நல்லது, சுத்தம் செய்யத்தான் நேரம் ஆகும்.

கொழுப்பு குறைந்த மீன் வேண்டுமென்றால் சங்கரா, கொடுவா, கிழங்கான், திலேப்பியா. திலேப்பியாவை ஜிலேபி மீன் என்றும் விற்பார்கள். பருத்த நாய்க்கும் வயிறு எளிதில் கெடும் நாய்க்கும் இவை ஏற்றவை. இவற்றின் முள் குக்கரில் வெந்தாலும் நம்பத்தக்கதாக மெத்தென்று ஆகாது. சதையை உதிர்த்து முள்ளைத் தனியே எடுத்தாக வேண்டும். பாசா என்று உறைந்த துண்டாகக் கிடைப்பதில் முள் இல்லை, வேலையும் இல்லை. ஒமேகா-3யும் இல்லை என்று சொல்லிவிடலாம். பொட்டலத்தில் உப்போ பாஸ்பேட்டோ சேர்த்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வஞ்சிரம், சூரை, சுறா ஆகியவற்றை வழக்கமாக வைக்க வேண்டாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்கிறது. தின்ற மீன்களிலிருந்த பாதரசம் அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. எப்போதாவது ஒரு துண்டு வஞ்சிரம் விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் விலையுயர்ந்த மீன்தான் நல்ல மீன் என்று நினைத்து நாய்க்கு வாராவாரம் வஞ்சிரம் வாங்குவது இரட்டை நஷ்டம்.

கட்லா, ரோகு, கெண்டை போன்ற ஏரி, குளத்து மீன்களில் வேறொரு தொல்லை. நடுமுள்ளோடு சேராமல் சதைக்குள்ளேயே கவட்டை வடிவில் பொடிமுள் பரவிக் கிடக்கும். கையால் உதிர்த்தாலும் சில தப்பிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றை விட்டுவிடுவது நல்லது. கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்கள் ரம்பம்போல் பல் வைத்தவை. வாயில் குத்தினால் எளிதில் வராது. முழு மீனாக நாய் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

காரப்பொடி மலிவு என்று நாய்க்கென்றே வாங்குபவர்கள் உண்டு. தட்டையான அந்த மீனில் சதையைவிட முள்தான் அதிகம். அதை மீனாகக் கொடுக்காமல் சாறாகக் கொடுக்கலாம். அரைக் கிலோவைக் கழுவி, மூழ்கத் தண்ணீர் விட்டு, குக்கரில் அரைமணி நேரம் வைத்து, துணியில் வடிகட்டிச் சாற்றை மட்டும் சோற்றில் பிசையுங்கள். சக்கையைக் கொட்டிவிடுங்கள்.

இறாலை ஓடும் குடலும் நீக்கி வேகவைத்தால் கொடுக்கலாம். கணவாயும் அப்படியே, சிறு துண்டுகளாக. நண்டு ஓடு வேண்டாம்.

பச்சையாகக் கொடுக்கலாமா

மீனவர் குப்பத்து நாய்கள் பச்சை மீனைத் தின்று நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்பார்கள். நன்றாக இருக்கும் நாய்கள் நம் கண்ணில் படுகின்றன. இல்லாமல் போனவை படுவதில்லை. அவை தின்பதும் வலையிலிருந்து அப்போதுதான் உதறிய மீன். நம் தெருவுக்கு வருவது ஐஸில் பல மணி நேரம், சில சமயம் பல நாள் கிடந்த மீன்.

பச்சை மீன் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள். முதலாவது புழுக்களும் கிருமிகளும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தால் புழுக்கள் சாகும், பாக்டீரியாக்கள் சாகாது. இரண்டாவது தயாமினேஸ் என்ற நொதி. கெண்டை இனங்களிலும் நெத்திலி, மத்தி வகைகள் சிலவற்றிலும் இது இருக்கிறது, பி1 வைட்டமினை அழிக்கும். தினமும் பச்சையாகத் தின்னும் நாய்க்கு முதலில் பசி குறையும், பிறகு நடை தள்ளாடும், முற்றினால் வலிப்பு வரும். உறையவைத்தாலும் நொதி அழியாது, வேகவைத்தால் அழிந்துவிடும். மூன்றாவது முள்.

இணையத்தில் சால்மன் மீன் நாயைக் கொன்றுவிடும் என்று படித்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் பச்சைச் சால்மனில் இருக்கும் ஒரு தட்டைப்புழு, தனக்குள் நியோரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவைச் சுமந்து வரும். நோயைத் தருவது அந்த பாக்டீரியா. அந்த எச்சரிக்கை அந்தக் கரைக்கு உரியது, அதுவும் பச்சை மீனுக்கு. நம் ஊர் மத்திக்கு அது பொருந்தாது.

வாங்கும்போது

கண் உப்பித் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய குழி உடனே எழும்ப வேண்டும். மத்தி மீனின் வயிறு கிழிந்திருந்தால் குடல் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கண் குழிந்து செவுள் வெளுத்திருக்க, உடல் மட்டும் விறைப்பாக, மீன் வாடையே இல்லாமல் இருந்தால் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் ரசாயனத்தின் கலப்பைச் சந்தேகிக்கலாம். இதைக் கண்டுபிடிக்கக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சோதனைத் தாள் உருவாக்கியிருக்கிறது. அது கையில் இல்லையென்றால் சந்தேகப்பட்ட மீனை வாங்காமல் வருவதே வழி.

நமக்குக் கொஞ்சம் பழையதானாலும் நாய்க்குப் போதும் என்ற எண்ணத்தோடு சாயங்காலம் மிச்சம் விற்கும் மீனை வாங்காதீர்கள், முக்கியமாக மத்தி, அயிலை, சூரை மூன்றையும். இவை வெப்பத்தில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும், உறையவைத்தாலும் அது போகாது. தின்ற நாய்க்கு வாந்தி, பேதி, முகவீக்கம், தோல் சிவப்பு வரலாம். வாங்கியவுடன் ஐஸ் போட்டு எடுத்துவந்து, அன்றே சமைத்துவிடுங்கள். வண்டிப் பெட்டியில் மீனை வைத்துவிட்டு வெயிலில் நான்கு கடை ஏறி இறங்க வேண்டாம்.

மீன் வெட்டுபவர்களிடம் நாய்க்கென்று கேட்டால் தலையும் கழிவும் இலவசமாகத் தருவார்கள். குடலை வாங்காதீர்கள். புழுக்கள் அங்கேதான் அதிகம், சில சமயம் தூண்டில் முள்ளும் அங்கேதான் இருக்கும். பெரிய மீனின் தலையை வாங்கலாம். செவுளை நீக்கி, குக்கரில் 40 நிமிடம் வைத்து, சதையை மட்டும் வழித்தெடுத்துக்கொண்டு எலும்பை எறிய வேண்டும். தலை எலும்புகள் தகடுதகடாகப் பிரியும், ஓரம் கத்தி மாதிரி. முழுத்தலையை அப்படியே போடுவது கூடாது.

முள்ளோடு வேகவைக்கும் முறை: மத்தி, நெத்திலி, அயிலை

அரைக் கிலோ மத்தி எடுத்துக்கொள்ளுங்கள். செதிலைச் சுரண்டி, தலையைக் கிள்ளி, அதோடு குடலையும் இழுத்துவிட்டு, துடுப்புகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். நமக்குச் செய்வதுபோல் கல்லுப்பு போட்டு உரசிக் கழுவினால் கடைசியில் நல்ல தண்ணீரில் மறுபடி அலசிவிட வேண்டும்.

குக்கரில் மீனைப் போட்டு, சற்றே மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். அரைக் கிலோவுக்கு ஒன்றரை டம்ளர் போதும். உப்பு, மிளகாய், புளி, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். வாடை பொறுக்காதவர்கள் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக்கொள்ளலாம். நாய்க்கு அது தேவையில்லை, உங்களுக்குத்தான்.

முதல் விசில் வரும்வரை பெரிய தீ. பிறகு சிம்மில் 25 நிமிடம். எத்தனை விசில் என்று இங்கே கணக்கு வைக்க முடியாது. அடுப்பும் குக்கரும் வீட்டுக்கு வீடு மாறும், சிம்மில் சில குக்கர்கள் விசிலே அடிக்காது. கடிகாரத்தைப் பாருங்கள். அயிலைக்கு 40 நிமிடம், நெத்திலிக்கு 15 நிமிடம். அடுப்பை அணைத்தபின் ஆவியைக் கரண்டியால் தூக்கி வெளியேற்ற வேண்டாம், தானாக அடங்கட்டும். அந்த நேரத்திலும் முள் வெந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது சோதனை. இருப்பதிலேயே பெரிய மீனை எடுத்து, அதன் நடுமுள்ளை வாலிலிருந்து தலைப்பக்கம் வரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்குங்கள். விழுதாக மசிய வேண்டும். எங்காவது குத்தினாலோ, மடக்கென்று ஒடிந்தாலோ வேகவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு 10 முதல் 15 நிமிடம் மறுபடி வையுங்கள். சின்ன மீனைச் சோதித்துவிட்டுத் திருப்திப்படுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. மத்தி வாங்கும்போதே ஒரே அளவாகப் பொறுக்கி வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

வெந்ததை மத்தால் அல்லது கரண்டியால் அந்தத் தண்ணீரோடு மசித்துவிடுங்கள். நல்ல கொழுப்பில் ஒரு பங்கு தண்ணீரில்தான் மிதக்கிறது, அதைக் கொட்டினால் மத்தி வாங்கியதில் பாதிப் பயன் போயிற்று. நாய் பருமனாக இருந்தால் மட்டும், ஃபிரிட்ஜில் வைத்து மேலே உறையும் கொழுப்பை வழித்துவிடலாம்.

முள்ளை எடுத்துவிடும் முறை: சங்கரா, கொடுவா, திலேப்பியா

செதில், குடல் நீக்கிய மீனை இரண்டு மூன்று துண்டாக்கி இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிடம் ஆவியில் வையுங்கள். சதையின் கண்ணாடி நிறம் முழுக்க மாறி, விரல் பட்டதும் இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. சூடு ஆறியபிறகு நடுமுள்ளை முழுசாகத் தூக்கி எடுங்கள். பிறகு சதையை வெள்ளைத் தட்டில் பரப்பி, வெளிச்சத்தில், இரண்டு கை விரல்களாலும் சிறு சிறு பங்காக நசுக்கித் தடவிப் பாருங்கள். வயிற்றுப் பகுதியிலும் முதுகுத் துடுப்பின் அடியிலும் முள் ஒளிந்திருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று. கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

முதல் வாரம்

முதல் நாள், வழக்கமான சாப்பாட்டில் ஒரு தேக்கரண்டி மசித்த மீன். சின்ன நாயானால் அரைத் தேக்கரண்டி. காலையில் கொடுங்கள், ஏதாவது ஆனால் பகலில் தெரிந்துவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டு மலம் எப்படி இருக்கிறது, சொறிகிறதா, முகம் வீங்குகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் மூன்றாம் நாள் இரண்டு தேக்கரண்டி, ஐந்தாம் நாள் அதைவிடக் கொஞ்சம் கூட. இப்படி ஒரு வாரம், பத்து நாளில் முழு அளவுக்கு வரலாம். புதிய மீனோடு புதிய பிஸ்கட்டையும் புதிய மருந்தையும் அதே வாரத்தில் தொடங்காதீர்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மலம் இளகினால் மீனை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் கொடுத்து, சரியானபின் பாதி அளவில் மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் அளவு கூடியதோ கொழுப்பு கூடியதோதான் காரணம். மழைக்காலம் முடிந்து வரும் மத்தியில் கொழுப்பு மற்ற மாதங்களைவிட நிறைய இருக்கும். அதே அளவு வைத்தும் திடீரென்று வயிறு இளகுவது அதனால் இருக்கலாம்.

குட்டிகளுக்குத் தாய்ப்பால் மறந்து, குடற்புழு மருந்து கொடுத்து, வழக்கமான உணவு நன்றாகச் செரிக்கத் தொடங்கியபின் ஆரம்பிக்கலாம். முள்ளில்லாத சதை மட்டும்.

எவ்வளவு

கடையில் வாங்கும் முழுமையான நாய் உணவைத் தின்னும் நாய்க்கு மீன் கூடுதல்தான். நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் அதிகம் ஓடாமல் இருக்கும் 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி தேவை. பத்தில் ஒன்று 63. வெந்த மத்தி 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரி என்று வைத்தால் 40 கிராம் வருகிறது. நடுத்தர மத்தி ஒன்று தலையும் குடலும் போக 30 முதல் 40 கிராம் நிற்கும். ஆக 10 கிலோ நாய்க்கு ஒரு மத்தி, கணக்கு அவ்வளவுதான்.

அதே முறையில் 5 கிலோ நாய்க்கு 20 முதல் 25 கிராம், 20 கிலோவுக்கு 65 கிராம், 30 கிலோ லாப்ரடாருக்கு 90 கிராம். எடை இரட்டித்தால் மீன் இரட்டிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். உடல் பெருக்கப் பெருக்க கிலோவுக்கான தேவை குறையும். சங்கரா, திலேப்பியா போன்ற கொழுப்பு குறைந்த மீன் என்றால் இதில் கால் பங்கு கூட்டிக்கொள்ளலாம். வாரம் இரண்டு மூன்று நாள் போதும். மீன் வைக்கும் நாளில் அதற்கு ஈடாக மற்ற உணவைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் வைத்தால் மயிர் மின்னுவதற்கு முன் வயிறு தொங்கிவிடும்.

சோறும் கோழியும் தின்னும் நாய்க்கு வேறு கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதிலாக அதே எடை மீன். அங்கே மீன் கூடுதல் இல்லை, மாற்று. ஏழு நாளும் மீன் மட்டும் வைப்பது சரியில்லை. மீன் கொழுப்பு மிகுந்தால் வைட்டமின் ஈ பற்றாக்குறை வரும். முள்ளில்லாத சதையும் சோறும் மட்டும் தின்னும் நாய்க்குக் கால்சியமும் கிடைக்காது. முள்ளோடு மசித்த மத்தி இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். எனினும் முழுக்க வீட்டுச் சாப்பாடு தின்னும் நாய்க்கு, அதுவும் வளரும் குட்டிக்கு, கால்சியம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

நாட்டு வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியாகத்தான் இருக்கும். விலா எலும்பு தெரிகிறதே என்று அவற்றுக்கு மீனை இரட்டிப்பாக்க வேண்டாம்.

மயிரிலும் தோலிலும் மாற்றம் தெரியக் குறைந்தது ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள்.

குழம்பும் வறுவலும் கருவாடும்

நம் வீட்டு மீன் குழம்பில் நாய்க்கு ஆகாதவை எல்லாம் ஒரே சட்டியில் இருக்கின்றன. சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் கொதித்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம், அதாவது 10 கிலோ நாய்க்கு 50 கிராம், ஆபத்தான அளவு. அதைவிடக் குறைவாகத் தினமும் உள்ளே போனாலும் சேர்ந்து வேலையைக் காட்டும். ஈறு வெளுப்பது, சிறுநீர் கருஞ்சிவப்பாவது, சோர்வு எல்லாம் தின்று இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியவரும் என்பதால் குழம்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

புளியைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. அதே அமிலம் புளியில் ஏராளம். புளியைத் தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றி 2022-இல் கால்நடை அவசர சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. குழம்பு மீனைக் கழுவிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. புளியும் உப்பும் சதைக்குள் ஊறியிருக்கும். சமைப்பதற்கு முன் இரண்டு துண்டைத் தனியே எடுத்துவைப்பது அதைவிட எளிது.

வறுவலில் எண்ணெயும் மிளகாயும் மட்டுமல்ல பிரச்சினை. வறுபட்ட முள் ஊசிபோல் விறைத்திருக்கும். எண்ணெய் அதிகம் உள்ளே போன நாய்க்குக் கணைய அழற்சி வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, முன்காலை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி நிற்பது, வயிற்றைத் தொடவிடாமை இவற்றைப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கருவாடு வேண்டாம். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாக இருப்பது அதில் சாதாரணம், ஊறவைத்தாலும் முழுக்க இறங்காது. டின் மீன் வாங்கினால், தண்ணீரில் போட்ட மத்தியாகப் பார்த்து, அலசிவிட்டுக் கொடுக்கலாம், முள்ளும் ஏற்கெனவே மெத்தென்றிருக்கும். இலங்கையில் கடைக்குக் கடை கிடைக்கும் டின் மீன்களில் உப்புநீரிலும் தக்காளிச் சாற்றிலும் போட்டவை உண்டு. தக்காளிச் சாற்றில் வெங்காயம் சேர்ந்திருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

யாருக்கு வேண்டாம்

டால்மேஷியன் வளர்ப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். அந்த இனத்துக்குப் பிறவியிலேயே யூரிக் அமிலத்தைச் சரியாக உடைக்க முடியாது. சிறுநீர்ப்பையில் கல் சேரும். மத்தி, நெத்திலி, அயிலை மூன்றிலும் பியூரின் மிக அதிகம், அது யூரிக் அமிலமாகத்தான் மாறும். டால்மேஷியனுக்கு இந்த மூன்றும் கூடாது.

ஒருமுறை கணைய அழற்சி வந்த நாய்க்குக் கொழுப்பு மீன் வேண்டாம். மருத்துவர் சம்மதித்தால் சங்கரா, திலேப்பியா. சிறுநீரக நோயுள்ள நாய்க்கு முள்ளோடு மசித்தது கூடாது, பாஸ்பரஸ் ஏறும். தோல் ஒவ்வாமைக்கு எந்த உணவு காரணம் என்று கண்டுபிடிக்க எட்டு வார உணவுச் சோதனையில் இருக்கும் நாய்க்கு, அந்த எட்டு வாரமும் ஒரு துணுக்கு மீன்கூட வெளியிலிருந்து போகக் கூடாது. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அந்தச் சோதனையையே மீனை வைத்துச் செய்வதும் உண்டு. அதற்கு நாய் இதுவரை தின்றிராத மீனாக இருக்க வேண்டும்.

முள் மாட்டினால்

முன்காலால் வாயைத் தேய்ப்பது, எச்சில் ஒழுகுவது, கழுத்தை நீட்டி விழுங்கிக்கொண்டே இருப்பது, ஓங்கரிப்பது, பசியோடு தட்டுக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிப் போவது. மீன் தின்ற நாளில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முள்ளென்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கவைக்காதீர்கள். நமக்கு வீட்டில் செய்யும் அந்த வைத்தியம் நாய்க்கு முள்ளை இன்னும் ஆழமாக இறக்கும். மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டி வந்தால் நிறைந்த வயிறும் ஆபத்து. வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது, வரும் வழியில் உணவுக்குழாயைக் கிழிக்கும். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேலண்ணத்தில் பல்வரிசைக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரிந்து, நாயும் அடங்கி இருந்தால், இடுக்கியால் எடுக்கலாம். தெரியவில்லை என்றால் விரலை விட்டுத் துழாவாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மெல்லிய மீன் முள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு என்பதால் எண்டோஸ்கோபி வசதி இருக்கிறதா என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனை பக்கத்தில் இல்லாதவர்களுக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், ஒட்ட வெட்டவும் வேண்டாம். மருத்துவர் அதைப் பிடித்துத்தான் தூண்டில் முள் இருக்கும் இடத்தைத் தேடுவார்.

கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடுபவர்கள், வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீனை அடையாளம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பந்துபோல் உப்பியோ, காய்ந்து சுருங்கியோ கிடக்கும். முன்பல் கிளியின் அலகு மாதிரி. அதிலுள்ள டெட்ரோடோடாக்சின் நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும், மாற்று மருந்து கிடையாது. கடித்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எடுத்து வைப்பதும் தடைக்காலமும்

வெந்து மசித்த மீன் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றுங்கள். ஒரு கட்டியை ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் தினமும் தராசு தேவையில்லை. கொழுப்பு மீன் ஃப்ரீசரிலும் மெல்லக் காறும், இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைநீக்குங்கள், சமையல் மேடையில் வைத்து அல்ல. மின்சாரம் போய் முழுக்க உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. தட்டில் மிச்சம் வைத்ததை நம் வெயிலுக்கு அரைமணி நேரத்தில் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். எறும்பு வரும் முன்பே அது கெடத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குமரியின் மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த 61 நாளில் சந்தைக்கு வரும் மத்தியும் அயிலையும் நாட்டுப்படகில் பிடித்தவையாக இருக்கலாம், வெளி மாநிலத்திலிருந்து ஐஸில் பல நாள் பயணித்தவையாகவும் இருக்கலாம். எங்கிருந்து, எப்போது வந்தது என்று கேட்டு, கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால் அந்த இரண்டு மாதம் பண்ணைத் திலேப்பியாவுக்கு மாறிக்கொள்ளலாம். ஒமேகா-3 குறையுமே என்பவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டு மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாம். மருந்துக் கடையில் காட் லிவர் ஆயிலை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஈரலிலிருந்து எடுப்பது, ஏ, டி வைட்டமின்கள் அதில் அதிகம், ஒமேகா-3 கணக்குக்கு அதை ஊற்றினால் அந்த வைட்டமின்கள் நச்சளவுக்கு ஏறிவிடும்.